65 வயதில் ஓட்டல் கட்டிய கேப்டன் கிருஷ்ணன் நாயரைக் காட்டி, 81 வயதில் கடன் கேட்கிறார் அப்பா

கரூர்க்காரன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வீட்டு விவகாரம்தான், ஆனாலும் பொதுவில் வைக்கிறேன்.

சீனப் போர் முடிந்த மறு ஆண்டு, 1963-ல், அப்பா ராணுவத்தில் சேர்ந்தார். சிக்னல்ஸ் பிரிவில் பதினைந்து ஆண்டுகள். 65-லும் 71-லும் எல்லையில் இருந்தார். பென்ஷனோடு ஊர் திரும்பி, உறவினர் ஒருவரின் தறிக்கூடத்தில் கணக்கு எழுதினார். பிறகு சொந்தமாகத் துண்டு, போர்வை, மேசை விரிப்பு வியாபாரம். எங்கள் இருவரையும் படிக்க வைத்ததும் தங்கைக்குத் திருமணம் செய்ததும் அந்தக் கடைதான். நானும் தம்பியும் இப்போது அதைப் பார்த்துக்கொள்கிறோம். அப்பா காலை ஒன்பது மணிக்கு வந்து, பேரேட்டைத் திருப்பி, நாங்கள் செய்த தவறுகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போவார்.

போன மாதம் ஒரு செய்தித்தாள் துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். லீலா ஓட்டல்களைத் தொடங்கிய கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரைப் பற்றிய கட்டுரை. "இவரும் ராணுவம், இவரும் துணி வியாபாரம். முதல் ஓட்டலைக் கட்டும்போது வயது கிட்டத்தட்ட 65. எனக்குப் பதினாறு வருடம்தான் தாமதம்" என்றார். வீட்டை அடமானம் வைத்து மூன்று கோடி கடன் வாங்கி, ஏற்றுமதிக்கென்று தனியாக ஒரு தையல் கூடம் போட வேண்டுமாம். தம்பி அன்று இரவு சாப்பிடவில்லை.

நாயரின் வாழ்க்கையை நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அப்பாவிடம் "ஆமாம், பாருங்கள், அவரே செய்தார்" என்று சொல்ல வேண்டிய கதையா இது? அல்லது "அதனால்தான் வேண்டாம் என்கிறோம்" என்று சொல்ல வேண்டியதா?

---

தலசேரி மருமகன்

என் மனைவியின் ஊர் கண்ணூர்ப் பக்கம். அங்கே இவரைக் 'கேப்டன்' என்று சொன்னாலே போதும், பெயர் தேவையில்லை. தெரிந்ததை எழுதுகிறேன்.

1922 பிப்ரவரி 9-ல் பிறந்தவர். அப்போது மலபார் மாவட்டம் மதராஸ் மாகாணத்தில்தான் இருந்தது, ஆகவே காகிதப்படி அவரும் 'மதராஸி'யே. எளிய குடும்பம். பள்ளிக்கு வந்த சிறக்கல் அரசர் முன்னால் கவிதை சொல்லி, அதனால் படிப்புக்கு உதவித்தொகை பெற்றார் என்ற கதை ஊரில் இன்னமும் உலவுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்தில் சேர்ந்து, அபோட்டாபாதில் வயர்லெஸ் அதிகாரியாக இருந்தார். (ஆமாம், 2011-ல் பின்லேடன் கொல்லப்பட்டபோது உலகமே வரைபடத்தில் தேடிய அதே அபோட்டாபாத்.) பிறகு மராத்தா காலாட்படையில் கேப்டன்.

1950-ல் லீலாவை மணந்தார். மாமனார் ஏ. கே. நாயர் கண்ணூரில் நெசவு ஆலை நடத்தியவர். மனைவி வற்புறுத்தியதால்தான் ராணுவத்தை விட்டு மாமனார் தொழிலுக்கு வந்தார் என்பார்கள். கண்ணூரில் நெசவு ஏற்கெனவே வேரூன்றிய தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபையினர் சட்டத் தறிகளை அங்கே கொண்டுவந்ததிலிருந்து கண்ணூர்த் துணிக்கு வெளிநாட்டில் பெயர் உண்டு. இவர் போய்ச் சேர்ந்தது ஓடிக்கொண்டிருந்த வண்டியில். அவர் சாதனையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் அப்பா வெறுங்கையோடு தொடங்கினார், இவருக்கு மாமனாரின் தறிகள் இருந்தன. ஒப்பிடும்போது இதையும் கணக்கில் சேருங்கள்.

மும்பையில் லீலா ஸ்காட்டிஷ் லேஸ் என்று லேஸ் ஆலை, அதன் பின் ஆயத்த ஆடை ஏற்றுமதி, அதற்கும் பிறகுதான் ஓட்டல். ஆலைக்கு மனைவி பெயர், ஓட்டலுக்கும் மனைவி பெயர். மகன்கள் விவேக், தினேஷ் இருவரும் நிறுவனத்திலேயே வளர்ந்தவர்கள். 2014 மே 17-ல் மும்பையில் காலமானார், 92 வயது. 2010-ல் பத்ம பூஷண் வாங்கினார்.

---

பழைய சிக்னல்மேன்

கரூர்த் தம்பிக்கு, முதலில் உங்கள் அப்பாவுக்கு என் சல்யூட்டைச் சொல்லுங்கள்.

நாயர் வயர்லெஸ்காரர் என்பது எனக்குப் புதிய செய்தி. படித்ததும் ஒன்று தோன்றியது. எங்கள் வேலையில் முதல் பாடமே, காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வது. கூட்டாதே, குறைக்காதே. எதிர்முனைக்காரன் "சரி" என்று சொன்ன பிறகுதான் செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. பதினைந்து ஆண்டு அப்படி வாழ்ந்தவனிடம் "பார்க்கலாம்", "யோசிக்கலாம்" என்று இழுத்தால் எரிச்சல்தான் வரும். பிள்ளைகள் இருவரும் நேராக உட்கார்ந்து, வேண்டாம் என்றால் வேண்டாம், ஏன் என்றால் இதனால் என்று சொல்லிவிடுங்கள். திட்டுவார், ஆனால் தூங்குவார்.

இன்னொன்று. ஓய்வுபெற்ற ராணுவத்தான் காலை ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்து பேரேட்டைப் பார்ப்பதை வேடிக்கையாக எழுதிவிட்டீர்கள். அது அவருடைய 'ரோல் கால்'. வராத அன்றுதான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

---

பாவுநூல்

துணிக் கதைக்கு யாரும் வரவில்லையே என்று காத்திருந்தேன். சென்னிமலைப் பக்கத்து நெசவுக் குடும்பத்துப் பெண் நான், இதைச் சொல்லாமல் போக முடியாது.

நாயரைப் பெரிய ஆளாக்கியது 'பிளீடிங் மெட்ராஸ்', அதாவது சாயம் போகும் மதராஸ் கட்டம். நம் ஊரில் கைலி என்று கட்டுகிறார்களே, அதற்கு அண்ணன் முறையான துணி. சென்னையைச் சுற்றிய ஊர்களிலும் ஆந்திரக் கரையோரத்திலும் நெய்து, மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறியதால் அந்தப் பெயர். அமெரிக்கா போவதற்கு வெகு முன்பே இது மேற்கு ஆப்பிரிக்கா போய்விட்டது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் இதை 'இன்ஜிரி' என்கிறார்கள். பிறப்புச் சடங்கிலும் இறப்புச் சடங்கிலும் அது இல்லாமல் முடியாது. வாங்கிய துணியை அப்படியே உடுத்திக்கொள்ளாமல், பிளேடால் சில நூல்களை மட்டும் வெட்டி உருவி, நம் கட்டத்துக்குள் தங்கள் கோலத்தைக் கொண்டுவருவார்கள். நாம் நெய்ததை அவர்கள் பிரித்து நெய்கிறார்கள் என்று சொல்லலாம். எனக்கு மிகவும் பிடித்த செய்தி, இங்கே இடமில்லாவிட்டாலும் நுழைத்துவிட்டேன்.

இப்போது நாயர். 1958-ல் நியூயார்க் இறக்குமதியாளர் ஒருவர் இந்தத் துணியைப் பார்க்கிறார். தாவரச் சாயத்தின் நிறமும் நல்லெண்ணெய் வாசனையும் அவருக்குப் பிடித்துப்போகின்றன. கஜம் ஒரு டாலர் என்று பேசி, பத்தாயிரம் கஜம் போகிறது. "குளிர்ந்த நீரில், தனியாக, மென்மையாகத் துவைக்க வேண்டும், சாயம் போகும்" என்று நாயர் எச்சரித்தாராம். இறக்குமதியாளர் துணியைப் புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற புகழ்பெற்ற ஆடைக் கடைக்கு விற்றபோது அந்த எச்சரிக்கை கூடவே போகவில்லை. கோட்டு வாங்கியவர்கள் இயந்திரத்தில் போட்டுத் துவைத்தார்கள். கூடவே கிடந்த வெள்ளைச் சட்டை எல்லாம் நீலமும் சிவப்பும் ஆயின. வழக்கு போடுவோம் என்று மிரட்டல் வந்தது.

நாயர் அமெரிக்கா போகிறார். 'செவன்டீன்' என்ற இளம்பெண்கள் பத்திரிகையின் ஆசிரியரிடம் பேட்டி. எட்டுப் பக்கக் கட்டுரை வருகிறது: இந்தியாவின் அதிசயத் துணி, ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் புது நிறம் காட்டும் துணி! 'சாயம் போகும் என்று உத்தரவாதம்' என்பதே விளம்பர வாசகம் ஆகிவிட்டது. 1960களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் இதற்கு அலைந்தார்கள்.

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். எங்கள் வீட்டில் சாயம் சரியாகக் கட்டாத துண்டு திரும்பி வந்தால் கூலியில் பிடிப்பார்கள். அதே குறை கடல் கடந்து போனால் அதிசயம். அந்த எட்டுப் பக்கத்தில் நெய்தவனுக்கு எத்தனை வரி என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

---

வாதாடி

அக்கா அருமையாகச் சொன்னார். ஆனால் ஒரு எச்சரிக்கை: இந்தச் சாயக் கதை பெரும்பாலும் நாயரின் வாய்வழியாக வந்தது. அவர் நல்ல கதைசொல்லி. சாயம் போகும் மதராஸ் துணி அமெரிக்காவில் மோகமாக இருந்தது உண்மை. அதைத் தனி ஆளாக ஒருவர் ஒரு பேட்டியில் புரட்டிப்போட்டார் என்பதைக் கொஞ்சம் உப்புப் போட்டே விழுங்க வேண்டும்.

அகில இந்தியக் கைத்தறி வாரியம் 1952-ல் வந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு என்று அவர் வாழ்க்கைக் குறிப்புகள் சொல்லும். இருக்கலாம். ஆனால் வெற்றி பெற்ற முதலாளிகளின் இளமைக் கதைகள் எல்லாம் வயதாக ஆகப் பளபளப்பு ஏறுகின்றன. கரூர் ஐயா பார்த்த செய்தித்தாள் துண்டும் அந்தப் பளபளப்பின் கடைசிக் கோட்டிங்தான்.

---

பாவுநூல்

வாதாடி, உப்புப் போட்டதற்கு நன்றி. மதராஸ் துணியையும் முதல் தடவை உப்புத் தண்ணீரில்தான் ஊறவைக்க வேண்டும்.

---

ஓய்வு மேலாளர்

நான் வங்கியில் கடன் பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்தவன். கதையை நீங்கள் பேசிவிட்டீர்கள், நான் கணக்கைப் பேசுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லீலாவின் ஓட்டல் வரலாற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் பகுதி: மும்பை (1986), கோவா (1991), பெங்களூரு (2001). முப்பது ஆண்டுத் துணி ஏற்றுமதியில் சேர்ந்த பணமும் பழக்கமும் உள்ள ஒருவர், தன் ஆலை இருந்த சஹார் பகுதியிலேயே, பன்னாட்டு விமான நிலையத்தின் வாசலில், முதல் ஓட்டலைக் கட்டுகிறார். இடம் தெரியும், வாடிக்கையாளர் யார் என்று தெரியும். ஓட்டல் நடத்தத் தெரியாது என்பதால் வெளிநாட்டு நிறுவனத்தோடு கூட்டு. ஐந்து ஆண்டுக்கு ஒன்று, பத்து ஆண்டுக்கு ஒன்று என்று நிதானம். 65 வயதுக்காரர் செய்த துணிச்சல் என்கிறோம், ஆனால் கடன் கொடுப்பவன் கண்ணுக்கு இது ஜாக்கிரதையான ஆள்.

இரண்டாம் பகுதி 2005-க்குப் பிறகு. கேரளத்துக் கோவளத்தில் இருந்த ஓட்டலை வாங்கினார்கள் (2005). உதய்பூர் 2009, டெல்லி 2011, சென்னை 2013. எல்லாமே சொந்த நிலம், சொந்தக் கட்டடம், எல்லாமே உச்ச ஆடம்பரம். அப்போது அவருக்கு 83 முதல் 91 வயது.

டெல்லியை மட்டும் எடுத்துக்கொள்வோம். சாணக்கியபுரியில் அந்த மனையை 2007-ல் ஏலத்தில் 611 கோடிக்கு எடுத்தார்கள். ஓட்டலில் சுமார் 250 அறைகள். ஓர் அறைக்கு நிலத்தின் விலை மட்டுமே இரண்டரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. பத்து சதவீத வட்டி என்று வைத்தால், ஓர் அறை ஆண்டுக்கு 24 லட்சம் சம்பாதித்தால்தான் நிலத்தின் வட்டி அடைபடும். நாளுக்கு 6,700 ரூபாய். அதுவும் 365 நாளும் அறை நிரம்பினால். மூன்றில் இரண்டு பங்கு நாள்தான் நிரம்பும் என்றால், தங்கும் ஒவ்வொரு இரவும் பத்தாயிரம் ரூபாய் நிலத்து வட்டிக்கே போய்விடும். இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. கட்டடம், பளிங்கு, சரவிளக்கு, சமையல்காரர், மின்சாரம் எல்லாம் இதற்கு மேல்.

ஏலம் எடுத்த மறு ஆண்டே உலக நிதி நெருக்கடி, மும்பைத் தாக்குதல். வெளிநாட்டுப் பயணி வருவது குறைந்தது. கட்டி முடிக்கும் வரை வருமானம் இல்லை, வட்டி மட்டும் தூங்காது. 2011-ல் கோவளத்தை 500 கோடிக்கு விற்றார்கள். 2012-ல் கடன் மறுசீரமைப்பு. 2014-ல் கடனின் பெரும்பகுதி வாராக் கடன்களை வங்கிகளிடம் வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. 2019-ல் பெங்களூரு, சென்னை, டெல்லி, உதய்பூர் நான்கும் லீலா என்ற பெயரும் கனடாவின் புரூக்ஃபீல்டு முதலீட்டு நிறுவனத்துக்கு 3,950 கோடிக்குப் போயின. குடும்பத்து நிறுவனத்திடம் நின்ற ஓட்டல் எது தெரியுமா? மும்பை. 65 வயதில் கட்டிய அந்த முதல் ஓட்டல்.

கரூர்க்காரரே, அப்பாவிடம் இந்தக் கடைசி வரியை மட்டும் சொல்லுங்கள்.

---

தலசேரி மருமகன்

கணக்கை மறுக்கவில்லை. ஆனால் ஐயா சொல்லும்போது கிழவர் பேராசையில் விழுந்தார் என்பதுபோல் ஒலிக்கிறது. அந்தக் காலத்தில் மனை எடுத்த எல்லா ஓட்டல் குழுமமும் அதே நம்பிக்கையில்தான் எடுத்தது. நிறுவனத்தில் மகன்களும் இருந்தார்கள், இயக்குநர் குழு இருந்தது, கடன் கொடுக்க வங்கிகள் வரிசையில் நின்றன. 83 வயதுக்காரர் கனவு காண்பது அவர் உரிமை. அந்தக் கனவுக்கு முத்திரை குத்திக் கொடுத்த மேலாளர்களும் இருந்தார்களே!

---

ஓய்வு மேலாளர்

மருமகனே, குத்து சரியான இடத்தில் விழுந்தது. ஏற்றுக்கொள்கிறேன். வளரும் ஆண்டில் வங்கிக்காரனைப்போல் மறதிக்காரன் கிடையாது.

---

மெரினா நடையாளர்

சென்னை எம்.ஆர்.சி. நகரில் இருக்கும் அந்த ஓட்டல் வழியாகத்தான் தினமும் நடக்கிறேன். செட்டிநாட்டு மாளிகைகளின் சாயலில் கட்டியது. உள்ளே ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், உறவினர் திருமண வரவேற்புக்கு. தூண்களைப் பார்த்துக்கொண்டே நின்றதில் என் மனைவி என்னைத் தேடவேண்டியதாகிவிட்டது.

எனக்கு இந்த விவாதத்தில் உறுத்துவது ஒன்றுதான். அந்த மனிதர் தன் மனைவி பெயரை எல்லா வாசலிலும் எழுதினார். அந்தப் பெயரே ஒப்பந்தத்தில் ஒரு சொத்தாக விலை பேசப்பட்டு, வேறொரு நாட்டு நிறுவனத்துக்குப் போய்விட்டது. 2025-ல் அதே லீலா பெயர் பங்குச்சந்தைக்கும் வந்தது, குடும்பத்தார் இல்லாமல். இதைப் பாசம் என்பதா, பாசத்தை அடகு வைத்தது என்பதா? கடைக்கு மகள் பெயரை வைத்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. நொடித்துப் போனபோது, ஏல அறிவிப்பில் மகள் பெயரைப் பெரிய எழுத்தில் பார்த்து அழுதார்.

---

வாதாடி

பெயர் விற்றது அவர் இறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு. அதற்கு அவரைக் கூண்டில் ஏற்றுவது முறையல்ல. அந்தப் பெயருக்கு விலை இருந்ததால்தான் கடனும் அடைந்தது. வெறும் கட்டடமாக இருந்திருந்தால் இந்தத் தொகை வந்திருக்குமா? துணியில் சாயம், ஓட்டலில் பெயர். மனிதர் கடைசிவரை விற்றது கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத்தான்.

இன்னொரு பக்கத்தையும் யாரும் தொடவில்லை. ஓட்டல் வளாகங்களில் மரம் வளர்ப்பதில் அவருக்குப் பித்து. 1999-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 'குளோபல் 500' கௌரவப் பட்டியலில் இடம் பெற்றார். சாயம் போகும் துணியை விற்றவர்தான், ஆனால் நட்டது நின்றது.

---

பாவுநூல்

ஆண்கள் எல்லோரும் நிலமும் வட்டியும் பேசிவிட்டீர்கள். நான் கரூர் அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: அப்பா ஏன் இப்போது கேட்கிறார்?

எங்கள் தாத்தா 78 வயதில் புதுத் தறி போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். எல்லோரும் பண ஆசை என்றார்கள். கடைசியில் தெரிந்தது, மில் வேலைக்குப் போன என் சின்ன மாமாவை வீட்டுக்குத் திரும்ப வரவழைக்கத்தான் அந்தத் தறி. தறி இருந்தால் மகன் வருவான் என்று கணக்கு. யாரும் கேட்காததால் அவரும் சொல்லவில்லை. தறி வந்தது, மாமா வரவில்லை. அந்தத் தறியில் நான்தான் நெய்யக் கற்றுக்கொண்டேன்.

---

கரூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் எழுத முடியவில்லை. அதற்குள் வீட்டில் நிறைய நடந்துவிட்டது.

ஓய்வு மேலாளர் ஐயா போட்ட கணக்கை அச்செடுத்து அப்பா கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை, மாட்டாமல் ஒருமுறை படித்தார். பிறகு, "நிலத்து வட்டியைப் போட்டவர் நிலத்து விலை ஏறுவதைப் போடவில்லை" என்றார். ஐயா, பதில் உங்கள் பொறுப்பு.

பாவுநூல் அக்கா, உங்கள் கேள்வியை அன்று இரவே கேட்டேன். உடனே பதில் வரவில்லை. மறுநாள் காலை கடைக்கு வரும் வழியில், ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னார். கடை ஒன்று, பிள்ளைகள் இரண்டு. தான் இருக்கும்வரை ஒரே பேரேடு. தனக்குப் பிறகு யார் கல்லாவில் உட்காருவது என்று நானும் தம்பியும் முகம் திருப்பிக்கொள்வோமாம். தையல் கூடம் போட்டால் ஆளுக்கு ஒன்று. மூன்று கோடி அதற்காகத்தான்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லையே என்றேன். "நீ சொல்லவில்லை, அவன் சொல்லவில்லை, பேரேடு சொல்கிறது" என்றார். உண்மைதான். இரண்டு ஆண்டாகத் தம்பி பிடித்த ஆர்டர்களை நான் என் கணக்கில் எழுதிவருகிறேன். சோம்பேறித்தனம்தான், வேறு எண்ணம் இல்லை. ஆனால் தம்பி அதைக் கவனித்திருக்கிறான். அப்பாவும் கவனித்திருக்கிறார். நான் மட்டும்தான் கவனிக்கவில்லை.

---

பழைய சிக்னல்மேன்

இதைத்தான் சொன்னேன். அவர் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். உங்கள் பக்கத்தில் கருவியை அணைத்து வைத்திருந்தீர்கள்.

---

ஓய்வு மேலாளர்

அப்பாவின் கேள்வி நியாயமானது. நிலம் ஏறும். ஆனால் ஏறிய நிலத்தை விற்றால்தான் பணம். விற்றால் ஓட்டல் இல்லை. ஓடுகிற ஓட்டலின் அடியில் இருக்கும் நிலம் பொட்டலம் கட்டிய நகை மாதிரி: இருக்கிறது என்ற தைரியம் தரும், மாதத் தவணையைத் தராது. லீலாவுக்கு நடந்ததும் அதுதான். சொத்தின் மதிப்பு போகவில்லை, கையில் ரொக்கம் போதவில்லை. உங்கள் வீட்டுக்கும் அதே விதி. வீட்டின் விலை ஏறிக்கொண்டே இருக்கும்போதே தவணை தவறும்.

ஒரு யோசனை. பிரச்சினை பங்கீடு என்றால் அதற்கு மருந்து கடன் அல்ல. இருக்கிற கடையைக் கூட்டாண்மையாகப் பதிவு செய்யுங்கள். யாருக்கு எத்தனை பங்கு, யார் உள்ளூர், யார் ஏற்றுமதி என்று எழுத்தில் வையுங்கள். அப்பா இருக்கும்போதே, அவர் கையெழுத்தோடு. தங்கையின் உரிமையையும் அதில் தெளிவாக்குங்கள், அதை மறந்த வீடுகள் நீதிமன்றத்தில் வரிசையாக நிற்கின்றன. தையல் கூடம் வேண்டுமென்றால் முதலில் பத்து இயந்திரத்தோடு வாடகை இடத்தில் தம்பி தொடங்கட்டும். வீட்டுப் பத்திரம் பெட்டியில் இருக்கட்டும்.

---

மெரினா நடையாளர்

நாயர் 2013-ல், 91 வயதில், தலைவர் பதவியை மூத்த மகனிடம் கொடுத்துவிட்டு விலகினார். அதற்கு மறு ஆண்டு மறைந்தார். கரூர் ஐயா அவரை முந்திக்கொண்டு 81-லேயே பங்கீட்டைப் பற்றிப் பேசுகிறார். அந்த வகையில் பத்து வருடம் முன்னால்தான் இருக்கிறார். செய்தித்தாள் துண்டைக் காட்டினால் இதைத் திருப்பிக் காட்டுங்கள்.

---

பாவுநூல்

கரூர் அண்ணா, அந்த ஆர்டர்களை இனிமேலாவது தம்பி பெயரில் எழுதுங்கள். பழைய இரண்டு ஆண்டையும் சேர்த்து.

---

கரூர்க்காரன்

எழுதிவிட்டேன் அக்கா. இரண்டு ஆண்டுப் பேரேட்டையும் நானும் தம்பியும் உட்கார்ந்து திருத்தினோம், இரண்டு இரவு ஆனது. அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு தூங்குவதுபோல் உட்கார்ந்திருந்தார். ஒரு தொகையை நான் தவறாக வாசித்ததும் கண்ணைத் திறக்காமலேயே திருத்தினார்.

கூட்டாண்மைப் பத்திரத்துக்கு வழக்கறிஞரைப் பார்த்தாகிவிட்டது. தங்கையும் வருகிறாள். தையல் கூடம் பத்து இயந்திரமா இருபதா என்பதில் இன்னும் இழுபறி. அப்பா இருபதில் நிற்கிறார்.

இந்த இழை முழுவதையும் அச்செடுத்துக் கேட்டார், கொடுத்தேன். இரண்டு எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறார், இரண்டும் என்னுடையவை. பழைய சிக்னல்மேன் ஐயாவுக்கு மட்டும் ஒரு வரி எழுதச் சொன்னார்: "ஜபல்பூரில் பயிற்சி எந்த ஆண்டு? எந்த பாரக்?"

---

பழைய சிக்னல்மேன்

1966. குளிர்காலம், பாரக்கில் போர்வை ஆளுக்கு ஒன்றுதான் கொடுத்தார்கள். மற்றதைப் போனில் பேசிக்கொள்கிறோம், எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு முன்னால் கூப்பிடச் சொல்லுங்கள், அதன் பிறகு அவர் வேலையில் இருப்பார்.